தலைக்கு மேல் இரண்டு மைக்

மைக்கை முதலில் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறார் திருமூர்த்தி. பிறகு அதன் வலைத்தலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, துணியின் தடிமனைப் பார்ப்பதுபோலத் தேய்க்கிறார். அதன் பிறகு கடையை விட்டு வெளியே வந்து, வெயிலில் நின்று, மைக்கை இப்படியும் அப்படியும் திருப்பி நிறம் பார்க்கிறார். கோயம்புத்தூரில் ரேடியோ சாமான் விற்கும் அந்தக் கடைக்காரர், ஆள் ஓடிவிடுவார் என்று பயந்து முதல் தடவை பின்னாலேயே வந்தாராம். இப்போது கல்லாவை விட்டு எழுந்திருப்பதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் மட்டும் கொடுக்கிறார்.

"அண்ணா, அது மைக்குங்க. சாயம் போகாது."

"போகாதுன்னு நீங்க சொல்றீங்க. எங்க கம்பெனிக்குச் சாயம் போட்டுக் குடுக்கறவரும் அதயேதானுங்க சொல்றாரு."

திருமூர்த்திக்கு இதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறார். தைத்து முடிந்த பனியன் மேசைக்கு வரும். அதை இழுத்து, புரட்டி, வெளிச்சத்தில் காட்டி, குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறியை ஒட்டுவார்கள். அப்படி ஒட்டுகிறவர்கள் ஒழுங்காக ஒட்டுகிறார்களா என்று பார்ப்பது இவர் வேலை. அதாவது, குறை காண்கிறவர்களிடம் குறை காண்பதற்குச் சம்பளம் வாங்குகிறார். தன் இயல்புக்குப் பொருந்திய வேலை கிடைத்தவர்கள் உலகத்தில் மிகச் சிலர்தான். அவர்கள் சந்தோஷமாக இருப்பார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டால் அது நம்முடைய தவறு.

பேசும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கமாட்டார், காலரைப் பார்ப்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கிற சாக்கில், சட்டைக் கைமடிப்பின் தையலை ஒருமுறை நெருடிவிட்டுத்தான் கையை விடுவார். ஹோட்டலில் தோசையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்த பிறகே சாப்பிடுவார். திருப்பூர் மண்ணரையில் அவர் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவன் நான். ஒருநாள் என் புதுச் சட்டையின் பொத்தானைத் தொட்டு, "இது ஒரு வாரந்தானுங்க" என்றார். வாரம் முடிவதற்குள் விழுந்தது. அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு டிரம்ஸ் வாசிக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கணியூரில் பிறந்து வளர்ந்த காலத்திலேயே பாத்திரங்களைத் தட்டிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். எல்லாரும் தட்டியதுதான். கலைந்துபோன ஓர் ஆர்கெஸ்ட்ராவிடமிருந்து பழைய டிரம்ஸ் செட் ஒன்றை வாங்கி, இரண்டு அறை வீட்டின் முன் அறையில் போட்டு வைத்திருந்தார். முகூர்த்த நாட்களில் ஏதாவது ஒரு மெல்லிசைக் குழுவுடன் போய் வாசித்துவிட்டு வருவார். அவருடைய வாசிப்பில் தப்பு இருக்காது. தாளம் ஒரு நூலளவு முந்தாது, பிந்தாது. இதைச் சொன்னால் பாராட்டாக எடுத்துக்கொள்வார். நானும் மறுத்ததில்லை.

மைக் பைத்தியம் பிடித்தது தொண்ணூறாம் வருடம். ஏதோ ஒரு ரெக்கார்டிங்கைப் பார்க்கப் போனவர், அங்கே டிரம்ஸைச் சுற்றி எட்டு மைக் நின்றிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு விளக்கினார்.

"ஸ்னேருக்கு ஒண்ணு, கிக்குக்கு ஒண்ணு, டாமுக்கு ரெண்டுன்னு நிறுத்தறது எக்ஸ்போர்ட் கம்பெனி வேலைங்க. நம்மளது ஜாப் ஒர்க். மேல ரெண்டு தொங்க உட்டாப் போதும். கூரை மேல ஏறிப் பார்த்தா ஊடு பூராத் தெரியுதில்லீங்க, அந்த மாதிரி."

சரி, இரண்டு மைக் வாங்கிவிட வேண்டியதுதானே என்று நினைப்போம். நாமெல்லாம் செக்கிங்கில் இல்லாதவர்கள். அவர் போட்ட நிபந்தனைகள் எளிமையானவை. விலை கம்மியாக இருக்கவேண்டும். ஆனால் கம்மி என்பது தெரியக் கூடாது. டிரம்ஸுக்காக வாங்கினாலும், நாளைக்கு ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்கு வைத்தால் ஆகவேண்டும். மாரியம்மன் கோயில் பஜனைக்கு ஆகவேண்டும். கம்பெனி ஆயுத பூஜையில் முதலாளி பேசினால் அதற்கும் ஆகவேண்டும். பனியனில் ஃப்ரீ சைஸ் என்று ஒன்று உண்டு. யார் போட்டாலும் போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் சரியாக இருக்காது. அவர் மைக்கில் அதைத் தேடினார்.

உள்ளூர் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பந்துத்தலை மேடை மைக் இரண்டை இரவல் வாங்கித் தொங்கவிட்டுப் பார்த்தார். பாட்டுக்காரர் வாயில் வைத்துக்கொள்ளும் அந்த மைக், தூரத்தில் இருக்கும் சத்தத்தைப் பொருட்படுத்தாது. "சிம்பல் தட்டை அடிச்சா, பஸ் மேல இருந்து தகரப் பொட்டி உழுந்தாப்பல இருக்குதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கோயம்புத்தூர்க் கடையின் கண்ணாடி அலமாரியில் வெளிநாட்டு மைக் ஒன்று பஞ்சுமெத்தையில் படுத்திருந்தது. அதற்கு உயிர் கொடுக்கத் தனியாக ஒரு மின்சாரப் பலகை வேண்டும். பலகை மைக்கை விட விலை. அதை அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். தொட்டால் தேய்க்கவேண்டியிருக்கும், தேய்த்தால் பிடித்துவிடும்.

மூன்றாவது ஜாதி ஒன்று இருந்தது. விரல் தடிமனில், குழாய் மாதிரி, உள்ளே ஒரு பென்சில் செல் போட்டால் வேலை செய்கிற மைக். கூட்டத்தில் பேசுவதற்கும் பாட்டு வகுப்புக்கும் வாங்கிப்போவார்களாம். திருமூர்த்தி அதை இரண்டு வருடம் பார்த்தார். வாங்கவில்லை. வாங்காத பொருளில் குறை கண்டுபிடிக்க முடியாது என்ற சங்கடம் ஒருபக்கம். வாங்கிய பிறகு கண்டுபிடித்துவிடுவோமே என்ற பயம் மறுபக்கம். நம்மில் பலர் வாழ்க்கையின் பெரிய காரியங்களில் இப்படி நின்றுவிடுகிறோம். அவர் மைக்கில் நின்றார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருடைய மனைவி பழனாத்தாள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, கான்ட்ராக்டர் கொடுக்கும் பனியனுக்குக் கழுத்துப்பட்டி வைத்துக் கொடுப்பவர். அவர் என் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "என்னயப் பொண்ணு பார்க்க வந்தப்போ அரை மணி நேரந்தானுங்கக்கா பார்த்தாரு. அதுலயும் பாதி நேரம் பஜ்ஜியப் பார்த்தாரு. இந்தக் கெரகத்தை வருசக்கணக்காப் பார்க்கறாரு."

கடைசியில் அந்தக் குழாய் மைக்கில் ஒன்றை வாங்கினார். ஒன்றுதான். அடுத்ததை அடுத்த போனஸுக்கு வாங்கினார். அதே கடை, அதே பெயர், அதே அட்டைப்பெட்டி. இரண்டையும் தொங்கவிட்டு, மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன் ரேடியோ டேப்பில் பதிந்து கேட்டார். அன்று பொழுதோடு என் வீட்டுக்கு வந்தவர் முகம், ஒரு கன்டெய்னர் சரக்கு திரும்பி வந்தவர் முகம் மாதிரி இருந்தது.

"ஷேடு அடிக்குதுங்க."

"எது?"

"இடதுகைப் பக்கம் சிம்பல் வெளீர்னு கேக்குது. வலதுகைப் பக்கம் மங்கலாட்டக் கேக்குது. லாட்டு வேறங்க."

மறுநாள் லீவு போட்டுவிட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் கிளம்பினார். எனக்கும் அங்கே வேலை இருந்ததால் கூடப் போனேன். கடை வாசலில் வெயிலில் நின்று இரண்டு மைக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் தொழிலில் நிற வித்தியாசத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும். டியூப் லைட்டை நம்பக் கூடாது. காதால் கேட்ட குறையைக் கண்ணால் உறுதி செய்துகொள்ள ஒரு மனிதர் நடுத்தெருவில் நின்றதை நான் பார்த்தேன். கடைக்காரரும் பார்த்தார்.

"அண்ணா, ரெண்டும் கறுப்புத்தானுங்க."

"வெளிய கறுப்புத்தான். உள்ள வேற லாட்டு. ஒரே நாள்ல ஒரே தொட்டில முக்குனாத்தானுங்க ஷேடு ஒண்ணா வரும். முன்பக்கம் ஒரு லாட்டு, முதுகுப்பக்கம் ஒரு லாட்டு வெச்சுத் தெச்சா சரக்கு வாங்கற பையர் எடுப்பானா?"

"மைக்குக்கு முதுகு ஏதுங்கண்ணா?"

"இருக்கற மைக்கைப் பூரா எடுத்து வெளிய வைங்க."

கடைக்காரர் வைத்தார். அவரிடமிருந்து தப்பிக்க வேறு வழி தெரிந்திருக்காது. கடையின் ஆம்ப்ளிஃபயரில் ஒவ்வொன்றாகச் சொருகி, சாவிக்கொத்தை ஒரே உயரத்திலிருந்து ஒரே மாதிரி ஆட்டிக் கேட்டார் திருமூர்த்தி. சாப்பாட்டு நேரம் போயிற்று. கடைசியில் பெட்டியில் அச்சடித்திருந்த எண்கள் அடுத்தடுத்து வரும் இரண்டு மைக்கை எடுத்து வைத்தார். கடைக்காரருக்குச் சலிப்பு. ஆனால் இரண்டு ஜோடியையும் மாற்றி மாற்றிச் சொருகிக் காட்டியபோது, பழைய ஜோடிக்கும் இந்த ஜோடிக்கும் இருந்த வித்தியாசம் எனக்கே கேட்டது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜோடி அமைந்தது. அடுத்த கேள்வி எங்கே பதிவது என்பது. மண்ணரையில் அவர் வீட்டுக்கு இடது சுவரை ஒட்டி நிட்டிங் ஷெட். நாலு வட்ட மெஷின் இரவும் பகலும் சுற்றித் துணியாக ஊற்றிக்கொண்டிருக்கும். பின்னால் பனியன் தேய்க்கும் அயர்ன் பட்டறை. வலதுபுறம் ராக்கையா வீடு. கமுதிப் பக்கத்திலிருந்து வந்த தையல்காரர். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாகவும் பேச்சை அதைவிடச் சத்தமாகவும் வைத்துக்கொள்பவர். திருமூர்த்தி முன் அறையின் சுவர் முழுக்கக் கட்டிங் வேஸ்ட் பனியன் துணியை மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலும் கொடி கட்டித் துணி போட்டார். அந்த அறைக்குள் போனால் மனிதனைச் சலவைக்குப் போட்ட மாதிரி இருக்கும்.

பிறகு கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்ச் டேப்பை எடுத்தார். ஸ்னேர் டிரம்மின் மையத்திலிருந்து இடது மைக் எவ்வளவு தூரமோ, வலது மைக்கும் அவ்வளவு தூரம் இருக்கவேண்டும் என்றார். "இடது கையும் வலது கையும் ஒரே நீளம் இருந்தாத்தானுங்க பனியன். இல்லீன்னா அது கோணிச் சாக்கு." பிற்பாடு இந்தத் துறை தெரிந்த ஒருவரை விசாரித்தேன். அப்படித்தான் வைக்கவேண்டுமாம். இரண்டு மைக்குக்கும் அடி ஒரே நேரத்தில் போய்ச் சேராவிட்டால் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடுமாம். இதை மட்டும் அவர் கணக்கில் வரவு வைக்கிறேன்.

முதல் பதிவைப் போட்டுக் கேட்டபோது டிரம்ஸ் நன்றாகத்தான் கேட்டது. அதைவிட நன்றாக நிட்டிங் மெஷின் கேட்டது. திருமூர்த்தி தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி ஓட்டிக் கேட்டார். எழுந்து பக்கத்து ஷெட்டுக்குப் போனார்.

"ஏனுங்க, உங்க மூணாவது மெஷின்ல ஒரு ஊசி உடைஞ்சிருக்குது. சுத்துக்கு ஒருக்கா டிக்குங்குது."

போய்ப் பார்த்தார்கள். உடைந்திருந்தது. துணி நெடுக ஒரு கோடு விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. ஷெட்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த வருடம் அந்த மைக்குகளால் ஊருக்கு விளைந்த ஒரே நன்மை அது.

சத்தமில்லாத நாள் ஒன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால், ஷிப்மென்ட் நெருங்கினால் மண்ணரைக்கு ஞாயிறு கிடையாது. நெருங்காவிட்டால் தெரு முழுக்க டிவி. தீபாவளிக்கு வெடி. பொங்கல் நோம்பிக்குத் தெருவே ஊருக்குப் போய்விடும், அப்படியொரு அமைதி. ஆனால் அப்போது பழனாத்தாளின் பிறந்த வீட்டுக்குப் போகாமல் இருக்க அவருக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

இது இப்படியே போயிருக்கும். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் போன ஆடியில் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்தன. கோயம்புத்தூரில் பக்திப் பாடல் கேசட் போடும் ஒரு ஸ்டுடியோக்காரர், ஒரு கல்யாணத்தில் இவர் வாசித்ததைப் பார்த்தார். அவருடைய டிரம்மர் மெட்ராஸ் போகப்போகிறார். "கச்சேரில ஸ்பீக்கர் இரைச்சல்ல ஒண்ணும் தெரியறதில்லீங்க. உங்க கை மட்டும் ஒரு கேசட்ல போட்டுக் கொண்டாங்க. புடிச்சுதுன்னா நிரந்தரமாவே வாங்க" என்றார். அன்று வந்து இதைச் சொன்னபோது, திருமூர்த்தி முதல்முறையாக என் காலரைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டாவது காரியம், பழனாத்தாளுக்கு நேரடியாக ஒரு கம்பெனியிலிருந்து வேலை அமைந்தது. இரண்டு ஓவர்லாக் தையல் மெஷின் போடவேண்டும். முன் அறை வேண்டும்.

"கார்த்திகை கடைசில மெஷின் வந்துருமுங்க. அதுக்குள்ள நீங்க அடிக்கறதை அடிச்சு, புடிக்கறதைப் புடிச்சுக்கோங்க. ஸ்டுடியோவுல சேர்ந்துட்டீங்கன்னா அவிங்க டிரம்ஸையே அடிக்கலாம். சேரலீன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். நிறுத்தாமலே இருந்திருக்கலாம்.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. பதிவார்; கேட்பார்; அழிப்பார். கேசட் ஒன்றுதான், அதன் மேலேயே மறுபடி. ஒன்றில் ஹைஹாட் தட்டின் சத்தம் சற்றுக் கூர்மையாம். ஒன்றில் அயர்ன் பட்டறைக்காரர் இருமிவிட்டாராம். ராக்கையா சுவருக்கு அப்பாலிருந்து கேட்பார்:

"என்னாண்ணே, இதுவும் ரிஜெக்ட்டா?"

"ஆமாங்க. நாலாவது அடில வெயிட்டு கம்மி."

"அண்ணே, நீங்க தேர்ல உக்காந்த சாமியவே எறக்கிவிட்டு, மாலை கோணலா இருக்குன்னு சொல்ற ஆளுண்ணே. அம்புட்டுத்தேன் சொல்லுவேன்."

பேப்பரில் வந்த ஓர் அறிவிப்பு வழி காட்டியது. பராமரிப்பு வேலைக்காக மண்ணரை பக்கம் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் இருக்காது. ஜெனரேட்டர் வைக்கும் வசதி அந்தத் தெருவுக்கு வரவில்லை. மெஷின் எல்லாம் நிற்கும். டூ-இன்-ஒன் ஆறு பெரிய செல்லில் ஓடும். மைக்குக்கு உள்ளே ஆளுக்கொரு பென்சில் செல். கண்ணாடி அலமாரியில் படுத்திருந்த அந்த வெளிநாட்டு மைக்கை வாங்கியிருந்தால் அன்றைக்கு அதைக் கொசு அடிக்கத்தான் வைத்துக்கொண்டிருக்கவேண்டும். இப்படியெல்லாம் நடக்கும் என்று யோசித்து அவர் வாங்கவில்லை. ஆனால் சரியாக யோசித்தவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் அவருக்கும் கிடைத்தது. உலகம் இந்த விஷயத்தில் ரொம்பக் கறாராக இருப்பதில்லை.

அந்த நாள் கார்த்திகையின் கடைசி வாரத்தில் வந்தது. மெஷின்கள் மறுநாள் வருகின்றன. கரண்ட் போனது. ஷெட் நின்றது. கூரை மேல் காக்கை நடப்பது கேட்டது. ஆனால் திருப்பூரில் மெஷின் நின்றால் மனிதர்கள் வெளியே வருவார்கள் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. தெரு முழுக்க ஆட்கள். வேலை இல்லை, அதனால் பேச்சு. ராக்கையா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"ஏய், எல்லாரும் சித்த வாய மூடுங்கப்பா! அண்ணன் இன்னிக்குப் பாஸாகப் போறாரு! ஏத்தா, நீயுந்தேன், அந்தக் குடத்த மெதுவா வையி!"

அவர் போட்ட சத்தம் அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதன் பிறகு அந்தத் தெரு சும்மா இருந்தது. ஐம்பது அறுபது பேர், வாசல்படியில் உட்கார்ந்து, ஒரு மனிதர் தனியாக டிரம்ஸ் அடிப்பதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் அறை மூலையில் டூ-இன்-ஒன்னின் பொத்தானை அமுக்க உட்கார்ந்திருந்தேன்.

வாசித்தார். நிறுத்தினார். "குச்சி விளிம்புல பட்டுருச்சு. அழிச்சிருங்க." மறுபடி. "மூச்சு உட்டுட்டனுங்க. அழிச்சிருங்க." மதியம் ஆயிற்று. தெருவுக்குச் சாப்பாட்டு வேளை வந்து போயிற்று. வெயில் சாய்ந்தது. சட்டை முதுகில் ஒட்டியிருக்க, முகம் வெளிறி, கடைசியாக ஒருமுறை தொடங்கினார். இந்த முறை நிறுத்தவில்லை. கேசட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த எட்டு வகைத் தாளமும் வரிசையாக வந்தது. முடிவில் சிம்பலை ஓர் அடி அடித்துவிட்டுக் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். சத்தம் மெல்லத் தேய்ந்துகொண்டே போயிற்று. தேய்ந்து முடிவதற்குள் பக்கத்து ஷெட்டில் நாலு மெஷினும் ஒன்றாகச் சுற்றத் தொடங்கின. கரண்ட் வந்துவிட்டது.

"போச்சு" என்றார். "வால்ல மெஷின் உழுந்துருச்சுங்க. அழிச்சிருங்க."

"இனி எப்ப வாசிப்பீங்க?" என்றேன்.

"அழிச்சிருங்க. தப்புத் தெரிஞ்சு எப்படீங்க அனுப்பறது?"

கதவருகே நின்றிருந்த பழனாத்தாள் உள்ளே வந்தார். டூ-இன்-ஒன்னைத் திறந்து கேசட்டை வெளியே எடுத்தார். பிசிறு நறுக்கும் சின்னக் கத்தரியின் முனையால், கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தகட்டையும் நெம்பி உடைத்தார். அது உடைந்துவிட்டால் அந்தக் கேசட்டில் மறுபடி பதிய முடியாது.

"ஏம்புள்ள!" என்றார் திருமூர்த்தி.

"இனி அழியாதுங்க" என்றார் பழனாத்தாள். உடைந்த இரண்டு துண்டையும் கூட்டி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஓவர்லாக் மெஷின்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் கோயம்புத்தூர் பஸ்ஸில் இருந்தோம். அங்கே ஸ்டுடியோக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். திருமூர்த்தி அவருடைய காலரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேசட் முடிந்தது. திருப்பி ஓட்டி மறுபடி கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

"டூ-இன்-ஒன்லயா எடுத்தீங்க?"

"ஆமாங்க."

"ஊட்டுலயா?"

"ஆமாங்க. கரண்ட் இல்லாதப்போ."

"மைக்கு என்னங்க போட்டீங்க? சிம்பல் இத்தன சுத்தமா எனக்கே உழுகறதில்லீங்க. ஸ்னேர் நட்டநடுவுல நிக்குது. எப்படி வெச்சீங்க?"

திருமூர்த்தி சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் தெளிந்தது. லாட்டு ஒன்று என்பதைச் சொன்னார். இஞ்ச் டேப்பைச் சொன்னார். பனியன் வேஸ்ட்டைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "வாசிப்பு எப்படீங்க?" என்றார்.

ஸ்டுடியோக்காரர் ஹெட்போனின் ஒயரைச் சுற்றினார்.

"வாசிப்புல தப்பு ஒண்ணுமில்லீங்க."

இந்த வாக்கியத்தைத் திருமூர்த்தி தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் பனியனுக்குச் சொல்லியிருப்பார். அதைச் சொன்ன பிறகு அந்தப் பனியனை மறுபடி திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்.

"சந்தனம்னு ஒருத்தர் வாசிக்க வர்றாருங்க" என்றார் ஸ்டுடியோக்காரர், ரொம்பவும் மரியாதையாக. "கை சித்தெ தாறுமாறா ஓடும், ஆனாக் கேக்கறவனை எந்திரிச்சு நிக்க வெச்சுருவாரு. ஞாயித்துக்கெழமை ரெக்கார்டிங். அந்த ரெண்டு மைக்கையும் எடுத்துட்டு நீங்களே வந்து கட்டிக் குடுக்கறீங்களா? மாசத்துல நாலு ரெக்கார்டிங் வரும். இந்தக் காது லேசுல கெடைக்காதுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அவிநாசி தாண்டும்வரை அவர் முன் சீட்டின் தையலை நெருடிக்கொண்டு வந்தார். பிறகு, "லாட்டு ஒண்ணா இருந்ததுனாலதானுங்க" என்றார். நான் ஆமாம் என்றேன். அது பதிலா, ஆறுதலா, எனக்கே தெரியவில்லை.

வீட்டில் முன் அறை மாறியிருந்தது. டிரம்ஸைக் கழற்றிக் கட்டிங் வேஸ்ட் துணியில் சுற்றி, ராக்கையா பரண்மேல் ஏற்றியிருந்தார். பழனாத்தாள் புது மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"கெடச்சுதுங்களா?"

"கெடச்சுது. மைக்குக் கட்டற வேலை."

பழனாத்தாள் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். கேலி செய்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அதற்கான நியாயமும் அவர் பக்கம் இருந்தது. "சோறு போட்டு வெச்சிருக்கறேன், சாப்பிட வாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போனார். நானும் போனேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. சந்தனம் இன்னும் வந்திருக்கவில்லை. திருமூர்த்தி ஸ்டுடியோவின் டிரம்ஸைச் சுற்றி வந்து, மேலே கம்பியில் இரண்டு மைக்கையும் கட்டி, டேப்பைப் பிடித்து அளந்தார். ஒன்றை விரலகலம் இறக்கினார். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஸ்டுடியோக்காரரின் குரல் வந்தது: "லெவல் பார்க்கோணும். சித்தெ நீங்களே வாசிங்க."

உட்கார்ந்தார். குச்சியை எடுத்தார். ஒழுங்காக, தப்பில்லாமல் வாசித்தார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு சந்தனம் வந்தார். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. பஸ் தாமதம் என்று யாரிடமோ சிரித்துக்கொண்டே சொன்னார்.

"போதுங்க, லெவல் வந்துருச்சு" என்றது கண்ணாடிக்கு அப்பாலிருந்த குரல்.

திருமூர்த்தியின் கை உடனே நிற்கவில்லை. தொடங்கிய தாளத்தை முடித்து, ஓர் அடி சிம்பலில் வைத்தார். அந்தச் சத்தம் முழுவதும் தேய்ந்து அடங்கும்வரை யாரும் அவரை எழுப்பவில்லை. பிறகு எழுந்தார். இரண்டு குச்சியையும் சேர்த்துப் பிடித்து, கட்டிங் மேசையில் ஒருவர் இன்னொருவருக்குக் கத்தரிக்கோல் கொடுப்பதுபோல, பிடிப்பக்கம் சந்தனத்தின் கைக்கு வரும்படி திருப்பி நீட்டினார்.